ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பிபி பார்க்கும் சகோதரிக்கு

கேள்வி: எனக்கு வயது 52. பள்ளி ஆசிரியை. போன மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில் பிபி பார்த்தார்கள். 158/96 இருக்கிறது என்று பல்லைப் பிடுங்காமலே அனுப்பிவிட்டார்கள். மகன் ஒரு மெஷின் வாங்கி அனுப்பினான். அதில் ஒரு தடவை 126 வருகிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 148. மறுபடி பார்த்தால் 139. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறேன், ராத்திரி எழுந்துகூடப் பார்க்கிறேன். இதில் எது என் பிபி? எனக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. இரண்டாவது பிரசவத்தில் பிபி ஏறி, பிறகு சரியாகிவிட்டது. வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை, தொண்டை கட்டாமல் இருக்கத் தினமும் அதிமதுரம் மட்டும் வாயில் போட்டுக்கொள்வேன். வயதோடு நூறைக் கூட்டிக்கொள், 152 வரை இருக்கலாம் என்கிறார் அக்கா. மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்களே, அதுவும் பயமாக இருக்கிறது. என் கணவருக்கு 61. அம்லோடிபினும் டெல்மிசார்ட்டனும் சேர்ந்த மாத்திரையை நான்கு வருடமாகச் சாப்பிட்டு வந்தார். என் மெஷினில் 124/78 வந்ததும், எனக்குச் சரியாகிவிட்டது என்று மூன்று வாரமாக நிறுத்திவிட்டார். மூட்டுவலிக்கு மட்டும் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். உங்கள் விஷயத்தில் ஒரு வாரம் பொறுக்கலாம். அவர் விஷயத்தில் பொறுக்கக் கூடாது. இந்தப் பதிலைப் படித்த இரண்டொரு நாளுக்குள் அவரை அவருடைய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதே மாத்திரையை அதே அளவில் மறுபடி தொடங்குவதா, மாற்றுவதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

124/78 என்ற எண் அவருக்கு வந்தது நோய் போய்விட்டதால் அல்ல. மாத்திரை வேலை செய்துகொண்டிருந்ததால் வந்தது. இதில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது. அம்லோடிபின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். பாதி கழியவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நிறுத்திய பிறகும் நாலைந்து நாள் பிபி நன்றாகவே இருக்கும். "பார்த்தாயா, நிறுத்தியும் ஏறவில்லை" என்று சொல்லத் தோன்றும். அதன் பிறகுதான் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பும். அப்போது அவர் மெஷினைத் தொட்டே பத்து நாள் ஆகியிருக்கும்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். கணக்குப்பிள்ளையாக வேலை பார்த்தவர். சின்ன நோட்டு ஒன்றில் தன் பிபியைத் தேதி போட்டு எழுதிவைப்பார். முத்து முத்தான கையெழுத்து. தொடர்ந்து நல்ல எண்ணாக வந்ததும் மாத்திரையை விட்டுவிட்டார், நோட்டில் எழுதுவதையும் விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து வலது கையும் காலும் விழுந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் பிழைத்தார். ஆறு மாதம் கழித்து அதே நோட்டோடு வந்து உட்கார்ந்தார். கடைசிப் பக்கத்தில் 122/80 என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து அவருக்குத் திரும்பி வரவே இல்லை. நிறுத்துகிற எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அப்புறம் அந்த மூட்டுவலி மாத்திரை. டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும். பிபியை ஏற்றும். பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரையோடு சேரும்போது சிறுநீரகத்தையும் அடிக்கும். பேதி, காய்ச்சல் என்று உடம்பில் நீர் குறைந்திருக்கும் நாட்களில் இன்னும் மோசம். கடையில் கொடுக்கும் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் வாங்குபவருக்குத் தெரியாது. மூட்டுவலிக்கு வேறு வழிகள் இருக்கின்றன. மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போடலாம், தொடைத் தசைக்கு வலு தரும் பயிற்சி செய்யலாம், எடை இருந்தால் குறைக்கலாம். மருத்துவரிடம் போகும்போது அந்தப் பாக்கெட்டின் மிச்சத்தையும் எடுத்துப் போங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். செய்துவிடுங்கள்.

சரி, இனி உங்களுக்கு வருகிறேன்.

126, 148, 139. இதில் எது என் பிபி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் உங்களுடையதுதான். இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அழுத்தம் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே அளவு அல்ல. மாடிப்படி ஏறினால், வகுப்பில் குரல் உயர்த்தினால், போனில் கெட்ட செய்தி கேட்டால், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஏறும். தூங்கும்போது இறங்கும். மேல் எண் இதயம் சுருங்கித் தள்ளும்போது இருக்கும் அழுத்தம், கீழ் எண் இதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது இருப்பது. 158 என்றால், 158 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் உங்கள் ரத்தத்துக்கு அந்த நொடியில் இருந்தது என்று பொருள். அந்த நொடியில் நீங்கள் பல்வலியோடு, ஊசிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

அதற்காக அந்த 158-ஐத் தள்ளிவிடவும் முடியாது. மருத்துவமனைக்குள் போனால் மட்டும் ஏறி, வீட்டில் சரியாக இருப்பவர்கள் உண்டு. மருத்துவமனையில் சரியாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து, கண்ணில் படாமலே தப்பிப்போகும். நீங்கள் எந்த வகை என்பது ஒரு எண்ணால் தெரியாது. நீங்களும் உங்கள் கணவரும் செய்திருப்பது ஒரே தவறு. அவர் ஒரு நல்ல எண்ணைப் பார்த்து மாத்திரையை விட்டார். நீங்கள் ஒரு கெட்ட எண்ணைப் பார்த்துத் தூக்கத்தை விட்டீர்கள். இரண்டு பேருமே ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறீர்கள். பார்க்க வேண்டியது சராசரியை.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். இதை அவசரப்படாமல் படியுங்கள், ஏனென்றால் எங்கள் ஆட்களே பல இடங்களில் இதை அவசரத்தில் தப்பாகச் செய்கிறார்கள்.

ஏழு நாட்கள். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. அவ்வளவுதான், அதற்கு மேல் மெஷினைத் தொடக் கூடாது. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால் பாருங்கள். மாலையில் பள்ளியிலிருந்து வந்த உடனே வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும். அந்த அரை மணியில் காபி, டீயும் வேண்டாம். சாயக்கூடிய நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள். கட்டில் விளிம்பு சரிப்படாது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். டிவி வேண்டாம், போன் வேண்டாம். அளக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதீர்கள். பேசினாலே பத்துப் புள்ளி வரை ஏறிக் காட்டும்.

இப்போது பெண்களுக்கு முக்கியமான ஒன்று. பட்டையை ரவிக்கைக் கையின் மேல் சுற்றக் கூடாது. சரி என்று ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிடுவீர்கள், அது கயிறு கட்டிய மாதிரி கையை இறுக்கிக்கொள்ளும். அதுவும் தப்பு. கை தளர்ந்த நைட்டியோ, கையில்லாத உடையோ போட்டுக்கொண்டு பார்ப்பதுதான் சரி. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும். சுற்றிய பிறகு உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். கையை மேஜைமேல் ஒரு தலையணை வைத்து, பட்டை நெஞ்சின் நடுமட்டத்துக்கு வருகிற மாதிரி வையுங்கள். கை தொங்கினால் அதிகமாகக் காட்டும்.

தையல் டேப் இருந்தால் மேல் கையின் நடுவில் சுற்றளவு எடுங்கள். மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்குத்தான். உங்கள் கை 34 என்றால், அந்தச் சின்னப் பட்டை இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும். மணிக்கட்டில் கட்டும் மெஷினையும், பிபி காட்டுவதாகச் சொல்லும் கைக்கடிகாரத்தையும் நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எதில் அதிகமாக வருகிறதோ, பிறகு எப்போதும் அந்தக் கையிலேயே. இரண்டு கைக்கும் 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஒரு தடவை பார்த்ததும் ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது. இரண்டையும் அப்படியே எழுதுங்கள். நன்றாக வந்ததை மட்டும் எழுதுவது, கெட்டதாக வந்தால் அழித்துவிட்டு மறுபடி பார்ப்பது இரண்டும் வேண்டாம். முதல் நாள் எண்களை விட்டுவிடுங்கள். மிச்சம் ஆறு நாளுக்கு 24 எண்கள் இருக்கும். மேல் எண்களைக் கூட்டி 24-ஆல் வகுங்கள், கீழ் எண்களையும் அப்படியே. வருவதுதான் உங்கள் பிபி.

வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது உயர் ரத்த அழுத்தம். இரண்டு எண்ணில் ஒன்று தாண்டினாலும் கணக்குதான். மருத்துவமனையில் இந்த எல்லை 140/90. அமெரிக்காவில் 2017-இல் 130/80 என்று இன்னும் கீழே இறக்கினார்கள். எனவே 130-க்கும் 135-க்கும் நடுவே வந்தால், மாத்திரை உடனே வேண்டியிருக்காது, ஆனால் சும்மா இருந்துவிடவும் கூடாது.

அக்கா சொன்ன நூறு கணக்கு. என் அப்பா காலத்தில் மருத்துவர்களே சொன்ன கணக்குதான் அது, அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். வயதாக ஆகப் பெரிய ரத்தக் குழாய்கள் பழைய ரப்பர் குழாய் மாதிரி விறைத்துப்போகின்றன, அதனால் மேல் எண் ஏறுகிறது. நிறையப் பேருக்கு நடக்கிறது என்பதால் அது வயதுக்கு இயல்பு என்று நினைத்தார்கள். மேல் எண் மட்டும் 160-க்கு மேல் இருந்த, 60 வயதைத் தாண்டிய 4,736 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1991-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் பலன் உண்டு என்று 2008-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. அதோடு அந்த நூறு கணக்கு முடிந்துபோனது. 52 வயதுக்கு 152 சரியில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் என்னை நிறுத்தின.

ஒன்று, இரண்டாவது பிரசவத்தில் பிபி ஏறியது. பிள்ளை பிறந்ததும் அது இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் கர்ப்பத்தில் பிபி ஏறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தமும் இதய நோயும் வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு அது இன்னும் கூடுகிறது. 20, 25 வருடத்துக்கு முந்தைய கதைதானே என்று விடாமல் மருத்துவரிடம் இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நாங்கள் பெரும்பாலும் கேட்க மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று அதிமதுரம். மருந்து எதுவும் இல்லை, இது மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவும் மருந்துதான் சகோதரி. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான பொருள், உடம்பில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். தினமும் சாப்பிட்டால் சிலருக்கு அதனால் மட்டுமே பிபி ஏறும். என்றைக்காவது இருமலுக்குப் போட்டுக்கொள்வது வேறு, வருடம் முழுக்கத் தினமும் என்பது வேறு. இன்றைக்கே நிறுத்துங்கள். தொண்டைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும், வகுப்பறையில் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதிமதுரத்தின் விளைவு அடங்கச் சில வாரம்கூட ஆகலாம் என்பதால், ஏழு நாள் கணக்கை இப்போது ஒரு தடவையும், நிறுத்தி ஒரு மாதம் கழித்து ஒரு தடவையும் எடுங்கள்.

நாட்டு மருந்தை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. பிபிக்கு உலகம் பயன்படுத்திய முதல் நல்ல மருந்துகளில் ஒன்று நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அது வேலை செய்கிறது என்று 1949-இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார், உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்தது. அதைவிடப் பாதுகாப்பான மாத்திரைகள் வந்ததும் ஒதுக்கிவைத்தார்கள். வேரோ மாத்திரையோ, உடம்புக்குள் போய் வேலை செய்வது எதுவானாலும் அளவும் கணக்கும் வேண்டும்.

உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு டீஸ்பூன் வரும். சமையலில் யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன்: உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது? நீங்கள் இரண்டே பேர் என்றால், மாதத்துக்கு 300 கிராம், ஒரு கிலோ மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். ஒன்றரை மாதத்தில் தீர்ந்தால் இரண்டு மடங்கு சாப்பிடுகிறீர்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், பேக்கரிப் பண்டம் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே. மோரிலும் சோற்றிலும் தனியாகப் போடும் உப்பை முதலில் விடுங்கள், அது சுலபம். இந்துப்பு, கல் உப்பு என்று மாறினால் பிபி குறையாது, அவையும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். உங்கள் கணவர் சாப்பிடும் டெல்மிசார்ட்டனோடு அது ஒத்துப்போகாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

நடை, எடை இரண்டும் உங்களுக்குத் தெரிந்தவைதான், நீட்டவில்லை. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை போதும். எடை ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். உங்கள் கணவர் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா என்று மட்டும் ஒரு ராத்திரி கவனியுங்கள். மெஷினுக்காக எழுவதைவிட இதற்காக எழுவது பலன் தரும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களில் பலருக்கு மாத்திரை போட்டும் பிபி எளிதில் அடங்காது.

மாத்திரைப் பயத்துக்கு வருவோம். ஆரம்பித்தால் விட முடியாது என்பது மாத்திரையின் குற்றம் இல்லை, பழக்கத்துக்கு அடிமையாக்கும் சரக்கும் அதில் இல்லை. கண்ணாடி போட்டால்தான் எழுத்துத் தெரிகிறது என்பதற்காகக் கண்ணாடியை யாரும் குறை சொல்வதில்லையே. எடையும் உப்பும் நன்றாகக் குறைந்து மாத்திரையின் அளவைக் குறைத்தவர்களை, சிலருக்கு நிறுத்தியும்விட்டதை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவர் அளந்து அளந்து, படிப்படியாகச் செய்ய வேண்டியது அது. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கினால், வேறு மாத்திரையால் வறட்டு இருமல் வந்தால், எழுந்து நிற்கும்போது கிறுகிறுத்தால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தர நிறைய மருந்துகள் இருக்கின்றன. செலவு பயம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள்.

ஒரு நாள் மெஷின் 180/120-க்கு மேல் காட்டினால் என்ன செய்வது? நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போதல், பார்வை திடீரென்று மங்குதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இவை எதுவும் இல்லை என்றால் அமைதியாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாக்குக்கு அடியில் மாத்திரையை உடைத்துவிட்டு உடனே இறக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அழுத்தம் சட்டென்று விழுந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்துபோகும்.

எட்டாவது நாள் நோட்டையும் மெஷினையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவருடைய கருவியிலும் உங்களுடையதிலும் அடுத்தடுத்துப் பார்த்து ஒத்துவருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு ஒரு தடவை இப்படிச் செய்வது நல்லது. சிறுநீரில் புரதம், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், பொட்டாசியம், ஒரு இசிஜி இவ்வளவும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அதுவரை ராத்திரியில் மெஷின் உங்கள் அறையில் இருக்க வேண்டாம், ஹாலில் இருக்கட்டும்.

அந்தப் பல்லை மறந்துவிடாதீர்கள். வலியே பிபியை ஏற்றிக்கொண்டிருக்கும், சீழ் வைத்தால் இன்னும் தொல்லை. நீங்கள் எழுதிய ஏழு நாள் எண்களைப் பல் மருத்துவரிடமும் காட்டுங்கள். பொதுவாக 180/110-க்குக் கீழே இருந்தால் கவனமாகப் பிடுங்கிவிடுவார்கள். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.